ஐயா, இது அந்த ‘ஹோம்’ இல்லை

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் பிள்ளைகளுக்கு ஆகிற நேரம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பெரியவர்களுக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும்.

பதினோரு வருடம் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்தேன். நாற்பத்தெட்டு பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்துவைத்து, கரும்பலகையில் தவளை வரைந்துகொண்டிருப்பேன். மழைக்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே நிஜத் தவளையே கத்தும். எட்டிப் பார்க்கிற பிள்ளையை, “அங்க என்ன பார்வை?” என்று அதட்டியவளும் நானேதான். அந்தப் பதினோரு வருடத்தில் ஒருவர்கூட என்னைப் பார்த்து “இதெல்லாம் சரியா?” என்று கேட்டதில்லை. விட்டுவிட்டு வந்த ஆறு வருடமாக, பால் ஊற்றுகிறவர்கூடக் கேட்கிறார்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். புதுச்சேரிப் பக்கம், பாகூர் ஏரிக்கும் குருவிநத்தத்துக்கும் நடுவில் ஒரு மாந்தோப்பு, அதை ஒட்டிக் கொஞ்சம் நெல் வயல். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பதினான்கு பிள்ளைகள், ஏழு வயதிலிருந்து பதினாறு வயது வரை, வாரத்தில் நான்கு நாள் காலையில் வருவார்கள். ஏரி, வயல், தோப்பு, இவைதான் பாடம். நானும் பாத்திமாவும் நடத்துகிறோம். பாத்திமா பாகூர் கடைத்தெரு மளிகைக்கடைக்காரரின் மகள், கணக்கில் எம்.எஸ்சி. மதியம் பிள்ளைகள் அவரவர் வீட்டுக்கு, அவரவர் அப்பா அம்மாவிடம் போய்விடுவார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஊரில் ஒருவரும் வைத்துக்கொள்வதில்லை.

பதினான்கு பேரில் மதுமிதாவை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயது. குருவிநத்தத்தில் கரும்பு போடுகிற குமரவேலின் மகள். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுத்துகள் அவள் கண்ணுக்கு இடம் மாறி மாறித் தெரியும்; பள்ளியில் அதற்கு வைத்த பெயர் மக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களிடம் விடும்போதே அவள் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். இந்த வருடம் அவள் தனித்தேர்வராகப் பத்தாவது எழுத வேண்டும். எழுதாவிட்டால் பழைய பள்ளிக்கே போய், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு எட்டாம் வகுப்பில் உட்கார வேண்டும்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்கிற சக குற்றவாளிகளே, இனி வருவதெல்லாம் உங்களுக்கும் வேறு ரூபத்தில் நடந்திருக்கும். என்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் கோபப்படுங்கள்.

சிவப்பு எழுத்து

வினையை விலை கொடுத்து வாங்கியது நாங்கள்தான். போர்டு வைக்காமலே இருந்திருக்கலாம். வில்லியனூரில் ஒரு பெயிண்டரிடம், ‘ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்கான இயற்கைக் கற்றல்’ என்று எழுதித்தரச் சொன்னோம். தகரம் சின்னது, வாசகம் நீளம். அவர் தன் சொந்த யோசனையில், மேலே ‘ஹோம்’ என்று மட்டும் முழ உயரத்துக்குச் சிவப்பில் எழுதி, மிச்சத்தை அடியில் பொடி எழுத்தில் நசுக்கிவிட்டார். போதாதென்று, நாங்கள் கேட்காமலே ஓரத்தில் கைகூப்பி நிற்கிற ஒரு குழந்தை. அதன் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர்.

நம் ஊரில் ஹோம் என்றால் என்ன? நாதியில்லாத பிள்ளைகளைச் சேர்க்கிற இடம். “அவன் ஹோம்ல வளந்தவன்” என்றால் சின்னக் குழந்தைக்கும் புரியும். இரண்டு பட்டதாரிகளுக்கு மட்டும் அது அன்றைக்கு உறைக்கவில்லை. அந்தக் கண்ணீரையாவது அழித்துக்கொடுங்கள் என்று கேட்டேன். தூரிகையைத் துடைத்துக்கொண்டே பெயிண்டர் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார்: “ஹோம்னா பாக்கிறவனுக்கு நெஞ்சு கரையணும் மேடம். சிரிச்ச மூஞ்சா போட்டா எவன் உள்ள வருவான்?”

ஒரு வாளி சாம்பார்

வந்தார்கள். அதுதான் கொடுமை.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, பிள்ளைகள் தோப்பில் எறும்புப் புற்றைச் சுற்றிக் குப்புறப் படுத்திருந்தபோது, ஒரு மினி லாரி வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். பின்னாலேயே ஒரு பெரிய டபரா நிறையப் பிரியாணி, ஒரு வாளி சாம்பார், ஒரு தூக்கு கேசரி. முந்தின நாள் மண்டபத்தில் அவர் வீட்டுக் கல்யாணமாம். நான் எழுந்து கைகால் மண்ணைத் தட்டுவதற்குள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டார். கேசரியைப் பார்த்ததும் அவர்களும் நின்றுவிட்டார்கள். “கண்ண மூடி மாப்ள பொண்ணு நல்லாருக்கணும்னு வேண்டிக்கோங்கடா” என்றார். மூடினார்கள். செல்போனில் படம் எடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வரிசையில் முதலில் நின்ற இரட்டையரின் அம்மாவும் அப்பாவும் புதுச்சேரியில் டாக்டர்கள். கடைசியில் நின்ற பையனின் அப்பாவுக்குப் பாகூரிலேயே அரிசி ஆலை இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டுக் காட்டி அப்பா பெயர், அம்மா பெயர், வேலை எல்லாம் சொன்னேன். “படத்தை அழிங்க” என்றேன். அவர் செல்போனை மெதுவாகப் பையில் போட்டுக்கொண்டார். பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தார். முன்பைவிட அதிகமாகக் கண் கலங்கியது. “அப்பா அம்மா ரெண்டு பேரும் இருந்துமா இங்க தள்ளிட்டாங்க? அது இன்னும் பாவங்க!”

அன்றைக்கு மாலையே போர்டைக் கழற்றினோம். பயனில்லை. இன்றுவரை பஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தில், “ஹோம்லாம் எறங்கு” என்றுதான் குரல் கொடுக்கிறார்.

நாற்றங்காலில் ஒரு தாய்

ஊர்க்காரர்களை மட்டும் திட்டினால் நியாயம் ஆகாது. எங்கள் பெற்றோர்களும் சளைத்தவர்கள் இல்லை. புதுச்சேரி டவுனிலிருந்து ஒரு அம்மா, ஒன்பது வயது மகனோடு வந்தார். இயற்கையோடு வளர வேண்டும், மண்ணைத் தொட வேண்டும், செயற்கையே கூடாது என்று முக்கால் மணி நேரம் எனக்கே வகுப்பெடுத்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் நாள் நாற்றுப் பறிப்பு. பையன் முழங்கால் சேற்றில் இறங்கி, ஒரு நண்டைப் பிடித்து, கடி வாங்கி, விடாமல் அதன் கால்களை எண்ணிக்கொண்டிருந்தான். இத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறக்க மாட்டேன். வரப்பில் நின்ற அம்மா, ஈரத்துணிப் பாக்கெட் ஒன்றைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளிலிருந்து பையன் வரவில்லை. போன் செய்தேன். ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார்: “நேச்சர் ஓகே மேம். ஆனா இவ்ளோ நேச்சர் நாங்க எதிர்பார்க்கல.”

போண்டா சுற்றிய காகிதம்

எங்கள் பிள்ளைகளை ஏரிக்கரையில் பார்த்துவிட்டால் போதும், ஊரில் ஒவ்வொருவரும் தேர்வுத்துறை ஆகிவிடுவார்கள். வண்டியை நிறுத்தி, “பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு பாப்போம்” என்பார்கள். பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு போகிற பிள்ளையை வழிமறித்து யாராவது இப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் அன்றைக்கு மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் மட்டம் குறித்துக்கொண்டிருந்தோம். அது மதுமிதாவின் பொறுப்பு. ஐப்பசியிலிருந்து ஒரு வாரம்கூட விடாமல் ஏரி எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று அவள் நோட்டில் இருக்கிறது. அந்த ஏறுமாறான கோட்டை வைத்துத்தான் பாத்திமா அவளுக்கு வரைபடக் கணக்கே சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு பெரியவர் வந்து நின்றார். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். அந்த நோட்டை அவர் பார்க்கவில்லை. தான் தின்றுகொண்டிருந்த போண்டாவைச் சுற்றியிருந்த செய்தித்தாளை அவளிடம் நீட்டி, “படி” என்றார். மதுமிதா படிக்கிற விதம் வேறு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி வைத்திருக்கிறாள். அதை வரியின் மேல் வைத்து நகர்த்தி, ஒவ்வொரு சொல்லாகத்தான் படிப்பாள். நேரம் ஆகும், ஆனால் ஒரு சொல் தப்பாது. எண்ணெய் ஊறிய காகிதத்தின் மேல் அட்டையை வைத்து ஆரம்பித்தாள். மூன்றாவது சொல்லுக்கு வரும்போதே அவர் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். “இவ பத்தாவது எழுதப் போறாளா? பேப்பர் எங்கிட்ட திருத்த வந்துடக் கூடாது, அவ்ளோதான்.”

யார் படித்தது

தேர்வு விண்ணப்பத்தைப் பாகூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில்தான் போட்டோம். அங்கே தட்டச்சு செய்கிற பெண் நல்ல மாதிரி. எங்களை நன்றாகத் தெரியும், அதுதான் வம்பாயிற்று. “இப்ப எங்க படிக்கிறாங்க?” என்று கேட்டாள். “ஹோம்ஸ்கூல்” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, பரிதாபமாக மதுமிதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டினாள். நான் அந்தப் பார்வையை அப்போதே விசாரித்திருக்க வேண்டும். அச்செடுத்துக் கொடுத்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தேன். பெயர், பிறந்த தேதி, ஐந்து பாடம், எல்லாம் சரி. பாத்திமாவும் பார்த்தாள். கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் ஹால் டிக்கெட் வந்தது. மாமரத்தடியில் எல்லோரும் கை மாற்றி மாற்றிப் பார்த்தோம். போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது என்று பாத்திமா சொன்னாள். கடைசியாக மதுமிதா வாங்கினாள். அட்டையை எடுத்து, முதல் வரியின் மேல் வைத்து, நகர்த்த ஆரம்பித்தாள். நாலாவது வரியில் அட்டை நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து வந்தாள். அதே இடத்தில் நின்றது. அங்கே, ‘பிரிவு: ஆதரவற்றோர் இல்லம்’ என்று இருந்தது. தகப்பனார் பெயருக்கு நேராக ஒரு கோடு. அதற்குக் கீழே காப்பாளர் என்று போட்டு, என் பெயர்.

பதினோரு வருடம் விடைத்தாள் திருத்திய கண் என்னுடையது. எம்.எஸ்சி. கண் பாத்திமாவுடையது. நாங்கள் பார்த்தோம், அவ்வளவுதான். மக்கு என்று பள்ளி சொன்ன பெண்தான் அதைப் படித்தாள். அழவில்லை, கோபப்படவில்லை. காகிதத்தை என் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினாள். “அக்கா, இதுல எங்க அப்பா இல்ல.”

உயிரோடு ஒருவர்

குமரவேலை அழைத்துக்கொண்டு, திருத்தம் செய்கிற அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. எல்லா அலுவலகமும் அதுதான். அவர் ஆதார், ரேஷன் கார்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வழியில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததே திட்டுவதைவிட மோசமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று இரண்டு முறை சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்று மேசை சுற்றியபின் ஒரு அதிகாரி கணினியில் பார்த்தார். விண்ணப்பத்தில் குறை இருக்கிறது என்றார். அதற்குத்தானே சார் வந்தோம் என்றேன். அந்தக் குறை இல்லையாம். ஆதரவற்றோர் பிரிவில் விண்ணப்பித்தால் தகப்பனாரின் இறப்புச் சான்றிதழ் இணைக்க வேண்டுமாம், நாங்கள் இணைக்கவில்லையாம். குறையுள்ள விண்ணப்பத்தில் திருத்தம் ஏற்க முடியாதாம். “மொதல்ல அப்பாவோட இறப்புச் சான்றிதழ் குடுத்து அப்ளிகேஷனை முழுமையாக்குங்க. அப்புறம் அப்பா பேரு சேர்க்கச் சொல்லி மனு குடுங்க” என்றார். சிரிக்கவில்லை. நிஜமாகவே சொன்னார். நான் மேசையைத் தட்டிவிட்டேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள்.

குமரவேல் என் கையைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். மஞ்சள் பையை மேசைமேல் வைத்தார். குரல் உயரவே இல்லை. “சார், அந்த அப்பன் நான்தான். சர்ட்டிபிகேட் வாங்க நானே போவணுமா, இல்ல என்னைத் தூக்கிகினு வேற யாருனா போவணுமா, அத்த மட்டும் சொல்லிடுங்க.”

கேட்டாண்ட

மனுவை வாங்கிக்கொண்டார்கள். தேர்வு முடிந்ததும் பார்க்கலாம், இப்படியே எழுதட்டும் என்றார்கள். அது இன்றைய தேதிவரை ‘பரிசீலனையில்’ இருக்கிறது.

பாகூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குமரவேல் முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்தார். “அப்பன் இல்லன்னு போட்ட காயிதத்த வச்சிகினு எம் பொண்ணு எழுத மாட்டா டீச்சரம்மா. ஜூன்ல பழைய ஸ்கூலுக்கே போவட்டும்.” அவர் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்குப் பலி யார் பாருங்கள். இரண்டு வருடம், அட்டை ஜன்னல் வழியாக ஐந்து பாடப் புத்தகத்தைச் சொல் சொல்லாகப் படித்து முடித்தவள், மறுபடியும் கடைசி பெஞ்சுக்குப் போக வேண்டும். ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை என்று எழுதினால் பெரிய தியாகி மாதிரி இருக்கும். தூங்கினேன், எழுந்ததும் அதே ஆத்திரம் அப்படியே இருந்தது.

காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் கொல்லையில் கரும்புக்குக் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தார். மதுமிதாவும் எதிர் வரிசையில் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வழியெல்லாம் மனசுக்குள் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் அவளே கேட்டாள். “நான் எழுதலன்னா உம் பேரு திரும்பி வந்துடுமா பா?” அவர் அந்த வரிசை முடிகிறவரை உரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “பரீட்ச எத்தினி மணிக்கு?” என்றார்.

தேர்வு மையம் வில்லியனூர்ப் பக்கம் ஒரு பள்ளி. குமரவேல் அதே சலவைச் சட்டையில் மகளைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கினார். வாசலில் இருந்தவர் ஹால் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, காப்பாளர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். காப்பாளர் நான். பெற்றவரை வெயிலில் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே போனேன். என் வாழ்க்கையில் அத்தனை கூசிப்போய் நான் நடந்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அறை வாசலில் கண்காணிப்பாளர் அம்மா ஒருவர் காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மதுமிதாவினுடையதை வாங்கினார், பிரிவைப் படித்தார், முகம் அப்படியே இளகிவிட்டது. நல்ல மனசுதான். எனக்கு இந்த ஆறு வருடத்தில் அலுத்துப்போனதே அந்த நல்ல மனசுதான். அவள் தலையைத் தடவி, “ஹோம்லேர்ந்தா வரம்மா? கவலப்படாம எழுது. யாருமில்லாதவங்களுக்கு ஆண்டவன் இருக்கான்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மதுமிதா தலையை நகர்த்திக்கொண்டாள். அட்டை ஜன்னலைப் பிடித்திருந்த கையை அப்படியே நீட்டி வெளிவாசல் பக்கம் காட்டினாள். அந்த வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“ஆண்டவன் இருக்கட்டும் மிஸ். எங்கப்பா கேட்டாண்ட நிக்கிறாரு, பாருங்க.”

ஹோம் என்றால் வீடு என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் அதை ஒருவரும் நம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த நாட்டில் இத்தனை பள்ளிக்கூடங்கள் வேண்டியிருக்கின்றன போலிருக்கிறது.